ஈயின் முதுகில் 22 முள்மயிர்கள்

அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்னும் சிறிய ஈயின் மார்பில், முதுகுப் பக்கமாக, 22 பெரிய முள்மயிர்கள் இருக்கின்றன: இடப்பக்கம் 11, வலப்பக்கம் 11. எந்த ஊரில் பிடித்த ஈயாக இருந்தாலும், நன்றாகத் தின்று பருத்ததாக இருந்தாலும், பட்டினியில் சிறுத்ததாக இருந்தாலும், இந்தக் கணக்கு பெரும்பாலும் மாறுவதில்லை. எண்ணிக்கையைக் காட்டிலும் வியப்பூட்டுவது அவை நிற்கும் இடம். நடுக்கோட்டை ஒட்டி முன்னும் பின்னுமாக இரண்டு, இறக்கையின் அடிக்கு மேலே இரண்டு, அதற்குப் பின்னால் இரண்டு, பக்கவாட்டு மேட்டில் இரண்டு, குறுக்குப் பள்ளத்துக்கு முன்னால் ஒன்று, மார்பின் பின்முனையிலுள்ள முக்கோணத் தகட்டின் ஓரத்தில் இரண்டு என்று, ஒரு பக்கத்தின் 11 முள்மயிர்களும் தத்தமக்குரிய புள்ளியில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. இவற்றுக்கிடையே வரிசை வரிசையாக இருநூற்றுக்கும் மேற்பட்ட சிறு மயிர்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை ஈக்கு ஈ சற்று மாறும், தனித்தனிப் பெயரும் அவற்றுக்குக் கிடையாது.

பூச்சியின் உடலில் எந்தத் தகட்டில், எந்த வரிசையில், எத்தனை முள்மயிர்கள், எந்தத் திசையில் சாய்ந்து நிற்கின்றன என்பதைக் குறிக்கும் விலங்கியல் துறைச்சொல் கீட்டோடாக்ஸி. நம் பள்ளிப் பாடநூல்களில் மண்புழுவைப் பற்றிப் படிக்கும்போது ‘சீட்டா’ என்ற சொல்லோடு நம்மில் பலர் நின்றுவிட்டோம். விலங்கியல் மாணவர்கள் கூட இந்தத் துறைச்சொல்லைத் தேர்வுக்கு முந்திய இரவு ஒரு வரியாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது எனக்கு வருத்தம் தருவது. ஒரு மயிர் ஓரிடத்தில் தவறாமல் நிற்கிறது என்ற எளிய செய்தியிலிருந்து நோய்ப்பரப்பிகளை இனம் காணும் முறையும், பயிர்ப் பூச்சிகளை அடையாளம் காணும் முறையும், ஓர் உயிரணு தன் பக்கத்து உயிரணுவிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற பெரிய கேள்விக்கான விடையும் பிறந்திருக்கின்றன. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த எண்ணமே.

முதலில், இந்த முள்மயிர் என்பது என்ன என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பூச்சியின் மேல்தோலில் வெறும் நீட்சிகளாக இருக்கும் நுண்ணிய மயிர்களும் உண்டு. அவற்றுக்கு நரம்பு கிடையாது. முள்மயிர் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு தொடு உறுப்பு. தோலில் வளையம் போன்ற ஒரு குழி, அதில் பொருந்தி அசையக்கூடிய ஒரு தண்டு, தண்டின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு நரம்பணு, அந்த நரம்பணுவைப் போர்த்திய ஓர் உறையணு ஆகியவை சேர்ந்ததுதான் ஒரு முள்மயிர். தூசியோ சிலந்தி இழையோ தண்டைச் சாய்த்தால் நரம்பு தூண்டப்படுகிறது. ஈயின் முதுகில் ஒரே ஒரு முள்மயிரை மெல்லத் தொட்டால், அந்தப் பக்கத்துக் கால் உயர்ந்து சரியாக அந்த இடத்தையே துடைக்கும். தலை துண்டிக்கப்பட்ட ஈயும் இதைச் செய்யும். ஏனெனில் இந்தத் துடைப்புக்கு வேண்டிய நரம்பிணைப்பு மார்பிலேயே இருக்கிறது. முள்மயிர் நிற்கும் இடம், அந்த ஈயின் நரம்பு மண்டலம் அறிந்து வைத்திருக்கும் இடமும் ஆகும். ஆகவே அதன் அமைவு வெறும் அலங்காரமாக இருக்க வழியில்லை.

இந்த அமைவை முறைப்படி எழுதிவைக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர், தொழிலால் தூதரக அதிகாரியாக இருந்தவர். கார்ல் ராபர்ட் ஓஸ்டன்-சாக்கன் 1828-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். 1856-இல் ரஷ்யத் தூதரகப் பணிக்காக வாஷிங்டன் சென்றார்; 1862 முதல் 1871 வரை நியூயார்க்கில் ரஷ்யாவின் தலைமைத் தூதராக இருந்தார். அலுவலுக்கு இடையே வட அமெரிக்காவின் ஈக்களையும் கொசுக்களையும் சேகரித்து, ஐரோப்பாவிலிருந்த ஹெர்மன் லோவ் என்னும் அறிஞருக்கு அனுப்பி, அவரோடு சேர்ந்து அந்தக் கண்டத்தின் இருசிறகிப் பூச்சிகளை ஒழுங்குபடுத்தினார். பிற்காலத்தில் ஹைடல்பர்க்கில் குடியேறி 1906-இல் அங்கேயே மறைந்தார். 1884-இல் லண்டன் பூச்சியியல் கழகத்தின் இதழில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, ஈக்களின் முள்மயிர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் சூட்டியது. அதுவரை ஈக்களைப் பிரிப்பதற்கு இறக்கை நரம்புகளும் உணர்கொம்பும் நிறமும் முதன்மையாக இருந்தன. முள்மயிர்களைக் கண்டவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் ஒருவர் பயன்படுத்திய சொல் மற்றவருக்குப் புரியவில்லை, ஓர் இனத்தின் எந்த மயிர் இன்னோர் இனத்தின் எந்த மயிருக்கு இணை என்ற கேள்வியை யாரும் ஒழுங்காக எழுப்பவில்லை. ஓஸ்டன்-சாக்கன் அதை எழுப்பினார். வெவ்வேறு குடும்பத்து ஈக்களின் முதுகில் ஒரே இடத்தில் நிற்கும் மயிர் ஒரே மயிர்தான் என்று கொண்டு, அதற்கு ஒரே பெயர் கொடுத்தார். கேட்பதற்கு எளிதான இந்த முடிவு இல்லாவிட்டால், பின்னால் வந்த எதுவும் வந்திருக்காது என்பது என் கணிப்பு.

எல்லா ஈக்களுக்கும் இத்தகைய பெரிய முள்மயிர்கள் இருப்பதில்லை. கால்நடைகளின் குருதியை உறிஞ்சும் டபானிட் ஈக்களிலும், பூக்களின் மேல் ஓரிடத்தில் நிலைத்துப் பறக்கும் சிர்ஃபிட் ஈக்களிலும் பெரும்பாலும் அவை இல்லை. வீட்டு ஈயும் அதன் உறவினரும் சேர்ந்த பெரும் பிரிவிலோ அவை நிறைந்திருக்கின்றன. அந்தப் பிரிவில் ஒரு ஈயின் பெயரைக் கண்டுபிடிப்பவர் மயிர்களை எண்ணாமல் ஓர் அடி கூட நகர முடியாது. வீட்டு ஈயையும், உலோகம் போல மின்னும் பச்சை, நீல ஈக்களையும், சாம்பல் கோடுகள் கொண்ட சதை ஈயையும் எடுத்துக்கொள்வோம். மின்னும் ஈக்களுக்கும் சதை ஈக்களுக்கும் மார்பின் பக்கவாட்டில், பின்பக்க மூச்சுத்துளைக்குச் சற்றுக் கீழே, செங்குத்தாக ஒரு வரிசை முள்மயிர்கள் இருக்கும். வீட்டு ஈயின் குடும்பத்தில் அந்த வரிசை இல்லை. பக்கவாட்டு மேட்டில் மின்னும் ஈக்களுக்கு வழக்கமாக இரண்டு முள்மயிர்கள் மட்டுமே. சதை ஈக்களுக்கு வழக்கமாக நான்கு, அவற்றில் இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. பெரிய குடும்பங்களைப் பிரிக்கும் வேலை இவ்வளவில் முடிந்துவிடுகிறது.

இனங்களுக்குள் செல்லும்போது கணக்கு இன்னும் நுட்பமாகிறது. லூசிலியா குப்ரினா, லூசிலியா செரிகாட்டா என்று இரண்டு பச்சை ஈக்கள். ஆஸ்திரேலியாவில் உயிருள்ள ஆடுகளின் தோலில் முட்டையிட்டு, புழுக்களால் சதையைப் புண்ணாக்கிப் பெரும் இழப்பை உண்டாக்குவது முதன்மையாகக் குப்ரினா. மருத்துவத்தில் ஆறாத புண்களைச் சுத்தம் செய்வதற்காக வளர்க்கப்படும் புழுக்கள் பெரும்பாலும் செரிகாட்டாவினுடையவை. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தலையின் பின்புறத்தில், உச்சியிலுள்ள பெரிய முள்மயிருக்குக் கீழே, குப்ரினாவுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சிறு மயிரும், செரிகாட்டாவுக்கு ஆறு முதல் எட்டு வரையும் இருக்கும். இறந்த உடலில் வளரும் புழுக்களின் வயதைக் கொண்டு இறப்பு நேரத்தைக் கணிக்கும் தடயவியலாருக்கும் இந்த வேறுபாடு வேண்டும், ஏனெனில் வளர்ச்சி வேகம் இனத்துக்கு இனம் மாறும். தவறான இனத்தின் வளர்ச்சி அட்டவணையை எடுத்தால் கணக்கே பிசகிவிடும்.

சேகரிப்பவர்களின் கைப்பழக்கத்திலும் முள்மயிர் புகுந்திருக்கிறது. ஈயை ஊசியில் குத்தும்போது மார்பின் நடுவே குத்துவதில்லை, நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறமாகக் குத்துகிறார்கள். ஊசி ஒரு பக்கத்து மயிர்களைச் சிதைத்தாலும் மறுபக்கம் முழுமையாக எஞ்ச வேண்டும் என்பதே காரணம். வெகுநாள் வைத்திருந்த மாதிரியில் மயிர்கள் உதிர்ந்துபோவது இயல்பு; ஆனால் தண்டு உதிர்ந்தாலும் அது பொருந்தியிருந்த குழி அப்படியே நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் குழிகளை எண்ணியே இனத்தைச் சொல்லிவிடலாம். நுண்ணோக்கியின் கீழ் அப்படி வெற்றுக் குழிகளை எண்ணி ஒரு பழைய மாதிரியின் பெயரை உறுதி செய்யும்போது எனக்குக் கிடைக்கும் நிறைவு வேறெந்த வேலையிலும் கிடைத்ததில்லை.

ஓஸ்டன்-சாக்கன் வளர்ந்த ஈக்களை மட்டுமே பார்த்தார். புழுப்பருவத்துக்கும் இதே முறை விரிந்தபோதுதான் அது பொதுச் சுகாதாரத்துக்குள் நுழைந்தது. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவின் புழுவுக்கு மற்றக் கொசுப்புழுக்களைப் போல நீண்ட மூச்சுக்குழல் இல்லை; அது நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். அப்படிக் கிடப்பதற்கு உதவுபவை அதன் முதுகின் இருபுறமும் இணை இணையாக விரிந்திருக்கும், பனையோலை விசிறி வடிவ மயிர்கள். அனாஃபிலிஸ் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, எந்த அனாஃபிலிஸ் என்பது. அதற்குத் தலையின் முன்விளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கே முன்னோக்கி நீளும் உள்மயிர்கள் இரண்டின் அடிகளும் நெருங்கியிருந்தால் ஓர் உட்பேரினம், விலகியிருந்தால் இன்னோர் உட்பேரினம். பார்பிராஸ்டிரிஸ் முதல் வகை. அதன் வெளிமயிர்கள் புதர் போலக் கிளைத்திருக்கும். சென்னையின் நகர்ப்புற மலேரியாவுக்குக் காரணமான ஸ்டெஃபென்சி இரண்டாம் வகை. கிணறுகளிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் வளரும் இனம் அது. தொட்டியில் எடுத்த புழு ஸ்டெஃபென்சியா, நோயைப் பரப்பாத வேறொன்றா என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தெருவில் செய்ய வேண்டிய வேலை தீர்மானமாகிறது. இந்திய அனாஃபிலிஸ் புழுக்களை ஐ. எம். பூரி 1931-இல் மயிர் மயிராக விவரித்து வைத்தார். 1950-இல் ஜான் பெல்கின் எல்லாக் கொசுப்புழுக்களுக்கும் பொதுவான எண்முறை ஒன்றைக் கொடுத்தார்: புழு உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் (வளையப் பகுதியிலும்) முதுகு நடுக்கோட்டிலிருந்து தொடங்கி வயிற்றுப் பக்கம் வரை மயிர்களுக்கு வரிசையாக எண்கள். இன்றும் உலகெங்கும் கொசு ஆய்வாளர்கள் பேசுவது அந்த எண்களில்தான்.

வயலில் இதைக் கீட்டோடாக்ஸி என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த படைப்புழுவான ஸ்போடோப்டெரா ஃப்ரூஜிபெர்டா 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோள வயல்களில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள் பரவியது. பெரம்பலூர் உள்ளிட்ட மானாவாரி மக்காச்சோளப் பகுதிகள் கடுமையாக அடிபட்டன. குருத்துக்குள் இருக்கும் புழு பழைய உள்ளூர்ப் புழுவா, புதிய படைப்புழுவா என்று கண்டுகொள்ள உழவர்களுக்குச் சொல்லப்பட்ட அடையாளங்கள் இரண்டு: தலையில் தலைகீழான ஒய் வடிவக் கோடு, வயிற்றின் 8-ஆம் கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகள் வெறும் நிறமல்ல. ஒவ்வொன்றும் ஒரு முள்மயிர் ஊன்றிய கெட்டித் தகடு. கம்பளிப்பூச்சியின் ஒவ்வொரு கண்டத்திலும் முதுகு மயிர்கள் இரண்டு இணையாக உண்டு. மற்றக் கண்டங்களில் அவை சரிவகமாக அமைய, இந்த இனத்தின் 8-ஆம் கண்டத்தில் சதுரமாக, பெரிய கருந்தகடுகளோடு அமைகின்றன. 1946-இல் எச். ஈ. ஹின்டன் கம்பளிப்பூச்சிகளின் மயிர்களுக்கு வகுத்த பெயரிடல் முறையில் அந்த நான்குக்கும் பெயர் உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த முதல் பருவப் புழுவுக்கு அடிப்படை மயிர்கள் மட்டுமே இருக்கும், அடுத்த பருவத்தில் மேலும் சில சேரும் என்பது போன்ற விதிகளும் அந்த முறைக்குள் அடங்கியிருக்கின்றன. சோளக் குருத்தைப் பிரித்துப் புள்ளிகளை எண்ணும் உழவர், லண்டனிலும் அமெரிக்காவின் இலினாயிலும் பலர் வளர்த்தெடுத்த ஓர் அறிவைக் கையாளுகிறார்.

இனி மரபியலுக்கு வருகிறேன். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகம் ட்ரோசோஃபிலாவில் பரம்பரை மாற்றங்களைத் தேடத் தொடங்கியபோது, முள்மயிர்கள் குறைந்த ஈக்களும் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்கு ஸ்கியூட் என்று பெயர்; பின்முனை முக்கோணத் தகட்டின் மயிர்கள் அதில் இல்லாமற்போவதே அந்தப் பெயருக்குக் காரணம். 1920-களின் இறுதியில் மாஸ்கோவில் செரெப்ரோவ்ஸ்கியும் துபினினும் ஸ்கியூட் மரபணுவில் பல வேறு மாற்றங்களை ஒப்பிட்டார்கள். ஒரு மாற்றம் முதுகின் சில மயிர்களை நீக்கியது, இன்னொன்று வேறு சிலவற்றை நீக்கியது, இரண்டின் பட்டியல்களும் ஓரளவு மேற்கவிந்தன. மரபணு என்பது பிரிக்க முடியாத ஒற்றைப் புள்ளி என்று நம்பப்பட்ட காலம் அது. ஈயின் முதுகில் எந்த மயிர் இல்லை என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, மரபணுவுக்கு உள்ளே பகுதிகள் இருக்கின்றன, அவற்றை வரிசைப்படுத்த முடியும் என்று அவர்கள் வாதிட்டார்கள். மயிர்களுக்குத் தனித்தனிப் பெயர் இருந்ததால்தான் அந்தப் பட்டியலை அவர்களால் போட முடிந்தது. அவர்கள் கொண்ட விளக்கம் பின்னர் மாறியது. ஆனால் அவர்கள் கண்ட ஒழுங்கு உண்மையானது.

1954-இல் கர்ட் ஸ்டெர்ன், ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றியவர், மிகத் தெளிவான ஒரு கேள்வியை முன்வைத்தார். அகீட் என்னும் மரபணு மாறிய ஈயில் முதுகின் ஒரு குறிப்பிட்ட மயிர் வளர்வதில்லை. அந்த இடத்தில் ‘இங்கே மயிர் வளரட்டும்’ என்ற அடையாளமே இல்லையா, அடையாளம் இருந்தும் அங்குள்ள உயிரணுக்களால் அதற்கு மறுமொழி தர முடியவில்லையா? ஒரே ஈயின் உடலில் இயல்பான திசுவும் மாறிய திசுவும் கலந்திருக்கும் கலப்பு ஈக்களைக் கொண்டு அவர் விடை தேடினார். சுற்றிலும் மாறிய திசு இருக்க, உரிய புள்ளியில் மட்டும் இயல்பான திசுவின் சிறு தீவு அமைந்தால், அங்கே மயிர் வளர்ந்தது. ஆகவே அடையாளம் மாறிய ஈயிலும் இருக்கிறது. அதைப் படிக்கும் திறன்தான் இல்லை. மயிர் தோன்றுவதற்கு முன்பே தோலில் ஒரு மறைந்த முன்வரைவு இருக்கிறது என்று அவர் கூறினார். ஒரு மயிர் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர வேறெந்த அளவையும் இல்லாமல் இத்தனை ஆழத்துக்குச் சென்ற ஆய்வை நான் வேறெங்கும் படித்ததில்லை.

மத்ரித் நகரில் அந்தோனியோ கார்சியா-பெல்லிதோவும் ஹுவான் மோதொலெல்லும் அவர்களுடைய மாணவர்களும் அடுத்த அரை நூற்றாண்டின் பெரும்பகுதியை ஸ்கியூட்டும் அகீட்டும் அடங்கிய மரபணுத் தொகுதிக்குச் செலவிட்டார்கள். எக்ஸ் நிறப்புரியில் (குரோமோசோமில்) அருகருகே அமைந்த நான்கு மரபணுக்கள் அந்தத் தொகுதியில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நீண்ட ஒழுங்குபடுத்தும் பகுதிகள் இருக்கின்றன; ஒரு பகுதி நடுக்கோட்டு மயிர்களின் இடத்தில் மரபணுவை இயக்குகிறது, இன்னொன்று முக்கோணத் தகட்டின் இடத்தில் இயக்குகிறது. மாஸ்கோவில் கண்ட பட்டியல்களின் பொருள் இப்போது தெளிவாயிற்று: நிறப்புரி முறிந்த இடத்தைப் பொறுத்து எந்தெந்த ஒழுங்குபடுத்தும் பகுதிகள் மரபணுவிடமிருந்து பிரிந்துபோயினவோ, அந்தந்த மயிர்கள் இல்லாமற்போயின. ஸ்டெர்னின் முன்வரைவுக்கும் உருவம் கிடைத்தது. பான்னியர், இரோக்குவா போன்ற மரபணுக்கள் முதுகின் நடுப்பகுதியையும் பக்கப் பகுதியையும் வகுத்து, அந்த ஒழுங்குபடுத்தும் பகுதிகளை இயக்குகின்றன.

இதெல்லாம் நடப்பது ஈ பறக்கத் தொடங்கிய பிறகல்ல. பழச்சதைக்குள் நெளியும் புழுவின் உடலில், எதிர்கால இறக்கையும் முதுகும் சிறு தட்டாக மடிந்து கிடக்கும்போது. அங்கே ஒரு மயிரின் இடத்தில் முதலில் ஓர் உயிரணு மட்டும் தகுதி பெறுவதில்லை. இருபது முப்பது உயிரணுக்கள் சேர்ந்த ஒரு குழு தகுதி பெறுகிறது. அவற்றில் எது சற்று முந்துகிறதோ, அது டெல்டா என்னும் புரதத்தால் பக்கத்து உயிரணுக்களின் நாட்ச் என்னும் ஏற்பியைத் தொட்டு, அவை மயிராவதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டவை சாதாரணத் தோலாகின்றன. நாட்ச் இல்லாவிட்டால் தடை இல்லாமற்போய், ஒரு மயிருக்குப் பதிலாகக் கொத்தாக மயிர்கள் எழும். தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஓர் உயிரணு பிரிந்து தண்டு, குழி, நரம்பணு, உறையணு ஆகிய நான்கையும் உருவாக்குகிறது. அந்தப் பிரிவிலும் நாட்ச்தான் யார் எதுவாவது என்பதை முடிவு செய்கிறது. நம் உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்களும், அவற்றைத் தாங்கும் துணையணுக்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதும் இதே பக்கத்துத் தடையால்தான். ஈயின் முதுகில் கற்றுக்கொண்ட பாடத்தைக் கொண்டே செவியின் ஆய்வாளர்கள் அதைத் தேடிச் சென்றார்கள்.

முக்கோணத் தகட்டில் ஏன் சரியாக நான்கு? ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ரெண்டல் 1959-இல் இந்தக் கேள்வியை அளந்து பார்த்தார். இயல்பான ஈக்களில் நான்கு என்ற எண்ணிக்கை அசையாமல் நிற்கிறது. ஸ்கியூட் மாறிய ஈக்களிலோ அது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஈக்கு ஈ மாறுகிறது. உள்ளே மரபுவழி வேறுபாடுகள் இயல்பான ஈக்களிலும் இருக்கின்றன, ஆனால் வளர்ச்சி முறை அவற்றை வெளியே தெரியாமல் அடக்கி வைக்கிறது என்பதை அவர் காட்டினார். வகைப்பாட்டாளர்கள் ஏன் சில மயிர்களை நம்புகிறார்கள், சிலவற்றை நம்புவதில்லை என்பதற்கும் இதுவே விளக்கம்: அடக்கி வைக்கப்பட்ட எண்ணிக்கைதான் அடையாளமாகப் பயன்படும். வயிற்றுப் பகுதியின் சிறு மயிர்கள் அப்படி அடக்கப்படாதவை. இங்கிலாந்தில் கென்னத் மேதர் அவற்றை, ஈக்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யும் முறையில் தலைமுறை தலைமுறையாகக் கூட்டியும் குறைத்தும் காட்டினார். ஒன்றின் நிலைப்பும் மற்றொன்றின் நெகிழ்ச்சியும் ஒரே ஈயின் உடலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது, படிக்கும் ஒவ்வொரு முறையும் என்னைச் சிந்திக்க வைக்கிறது.

அனாஃபிலிஸ் காம்பியே கொசுவில் ட்ரோசோஃபிலாவின் நான்கு மரபணுக்களுக்கு ஈடாக இரண்டு மட்டுமே இருக்கின்றன. அதன் முதுகு மயிர்களும் ஈயினுடையவை போல ஒவ்வொன்றும் பெயர் சொல்லும் நிலையில் இல்லை. நீல ஈயில் அவை நீளவாக்கில் வரிசைகளாக நிற்கின்றன; ட்ரோசோஃபிலாவில் அந்த வரிசைகளில் சில புள்ளிகள் மட்டுமே எஞ்சியிருப்பதாகத் தோன்றுகிறது. கேம்பிரிட்ஜில் பாட் சிம்ப்சன் இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்தார். ஓஸ்டன்-சாக்கன் வெவ்வேறு குடும்பங்களின் மயிர்களை இணைவைத்துப் பெயரிட்டது சரியா என்ற பழைய கேள்விக்கு இப்போது மரபணு இயங்கும் இடத்தை வைத்து விடை தேட முடிகிறது.

மரபணுத் தொடரைப் படித்து இனத்தைச் சொல்லும் முறை இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மயிரை எண்ணுவது எதற்கு என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. தொட்டி ஓரத்திலும் சோள வயலிலும் அந்த வசதி உடனே வராது. நூறாண்டு பழைய மாதிரிகளில் அந்தத் தொடர் பெரும்பாலும் சிதைந்திருக்கும், குழிகள் சிதைவதில்லை. பார்க்க விரும்புபவர்களுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி போதும். செத்துக் கிடக்கும் ஒரு பச்சை ஈயைத் தாளில் வைத்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்படி திருப்பி, நடுக்காலின் அடிக்குப் பின்னாலும் மேலாகவும் மூச்சுத்துளைக்குக் கீழே பாருங்கள். செங்குத்தாக நிற்கும் வரிசை அங்கே இருக்கும். பிறகு வீட்டு ஈ ஒன்றை எடுத்து அதே இடத்தைப் பாருங்கள்.